தேயிலை போய்ச் சேரும், காசு வருமா? மலையகச் சிறு ஏற்றுமதியாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

"அண்ணே, துபாய்ல ஒருத்தர் தேயிலை கேக்குறாரு. மூவாயிரம் கிலோ. இந்த மாசமே அனுப்பணுமாம்."

டிக்கோயாவிலிருந்து ஒரு தம்பி போனில் சொன்னபோது அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். தாத்தா கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவர். பிள்ளை அதே தேயிலையைத் தன் பெயர் போட்ட பெட்டியில் வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் முதலில் கேட்டது விலையை இல்லை. "காசு எந்த நாட்டு பேங்கில இருந்து, யார் பெயரில வரும் தம்பி?" அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொழும்பில் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியவன் நான். பொருளாதாரத் தடை, அதாவது இந்த நாட்டோடு, இந்தக் கொம்பனியோடு, இந்த ஆளோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்று ஐ.நா.வோ வேறு நாடுகளோ போடும் தடை, பெரிய கொம்பனிகளின் தலைவலி என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பெரிய கொம்பனிக்கு ஒரு தொகை மூன்று மாதம் முடங்கினால் இன்னொரு தொகையில் சமாளிக்கும். நமக்கு அந்த ஒரு தொகைதான் முதல், லாபம், அடுத்த மாதச் சம்பளம் எல்லாமே. தடை நம்மைப் பிடிக்கிற இடமும் பெரும்பாலும் துறைமுகம் இல்லை, பேங்க். சரக்கு கப்பலேறிப் போய்விடும். காசு நடுவழியில் நிற்கும்.

எனக்கே நடந்தது. ஒரு சின்னக் கொம்பனிக்காகத் துபாய் வாங்குநர் ஒருவருக்குத் தேயிலை அனுப்பினோம். ஒப்பந்தத்தில் ஒரு கொம்பனியின் பெயர், காசு அனுப்பியது வேறொரு கொம்பனி. நடுவில் இருந்த வெளிநாட்டு பேங்க் நிறுத்திவைத்துவிட்டு, இந்த இரண்டாவது கொம்பனி யாருடையது என்று கேட்டது. எங்களிடம் பதில் இல்லை. பதினொரு வாரம் போனது. பெக்டரிக்குக் கொடுக்கவேண்டிய காசுக்கு நகை அடகுக்குப் போனது.

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: வீட்டுக் கணக்கு

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் ஒன்றுதான். தனி வியாபாரம் என்றால் பிரதேச செயலகம் வழியாக வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும், கொம்பனி என்றால் கம்பனிகள் பதிவாளரிடம். அப்புறம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம், அதை வைத்துச் சுங்கத்தில் பதிவு. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும் பதிந்துகொள்ளுங்கள். தேயிலை என்றால் இலங்கை தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதியாமல் ஒரு கிலோவும் வியாபாரமாக அனுப்ப முடியாது. பெட்டியில் இலங்கைத் தேயிலையின் சிங்கச் சின்னம் போட ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள்: முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்றால் மட்டும், சபையின் அனுமதியோடு மட்டும்.

இரண்டாவது படி: பெட்டிக்குள் என்ன இருக்கிறது

ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கக் குறியீடு ஒன்று உண்டு. தேயிலைக்கு 0902. அதிலே 3 கிலோவும் அதற்குக் கீழுமான பொதியில் இருக்கும் கறுப்புத் தேயிலைக்கு 0902.30, அதற்கு மேல் 0902.40. மிளகு 0904, கறுவா 0906, கராம்பு 0907, ஏலம் 0908. ஏஜண்ட் போட்டுக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அனுமதி, வரி, சலுகை எல்லாம் இந்த எண்ணில்தான் தொங்குகிறது.

நம் நாடே வெளியே விடாத பொருள்கள் சில உண்டு. மூலிகைத் தேநீர் செய்கிறவர்கள் அடிக்கடி இடறுவது கொத்தல ஹிம்புட்டு. நீரிழிவுக்கு நல்லது என்று வெளிநாட்டிலிருந்து கேட்பார்கள். அது பாதுகாக்கப்பட்ட தாவரம். வல்லப்பட்டை என்ற வாசனை மரமும் அப்படித்தான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபடுகிற செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். காட்டில் கிடைத்தது, பக்கத்து வீட்டு மாமா கொடுத்தது என்ற கதை எதுவும் சுங்கத்தில் எடுபடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று புதிதாக வந்திருக்கிறது. தேயிலை வாங்குகிற ஆள், இரண்டாவது தடவை பேசும்போது, "உங்க பெயர்ல சில எலெக்ட்ரோனிக் பார்ட்ஸ் வரும், அதையும் அடுத்த லோட்டோட சேர்த்து அனுப்பிவிடுங்க, கமிஷன் தர்றேன்" என்பார். கேட்பதற்குச் சின்ன உதவிதான். ஆனால் இதற்குப் பெயர் மறு ஏற்றுமதி. அமெரிக்காவில் செய்த சில்லு, கெமரா, ட்ரோன் பாகம் எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு அதன் கூடவே வரும். ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பிய பிறகு அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரித்தானியா, ஜப்பான் சேர்ந்து, ஆயுதங்களில் போய் முடிகிற பாகங்களின் சுங்கக் குறியீடுகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. அந்தப் பாகங்கள் மூன்றாம் நாட்டுச் சின்னக் கொம்பனிகளின் பெயரில்தான் சுற்றிப் போகின்றன. அந்தச் சின்னக் கொம்பனியாக நீங்கள் இருக்கக் கூடாது. தேயிலை விற்கிறவர் தேயிலையை மட்டும் விற்க வேண்டும். கமிஷன் எவ்வளவு என்றாலும் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது படி: வாங்குகிறவர் யார்

இந்த வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். விலை பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. வாங்குநரிடம் கொம்பனிப் பதிவுச் சான்றிதழ், பணிப்பாளர்களின் முழுப் பெயர், பிறந்த திகதி, பங்குதாரர்களின் பெயரும் எத்தனை வீதம் என்பதும், காசு அனுப்பப்போகும் பேங்க் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது, கடைசியாகத் தேயிலை எந்த நாட்டில் இறங்கப் போகிறது என்பது, எல்லாவற்றையும் கேளுங்கள். நல்ல வியாபாரி கோபிக்க மாட்டார், அவரிடம் அவருடைய பேங்கே இதைத்தான் கேட்டிருக்கும். கோபிக்கிறவரை விட்டுவிடுவதே நல்லது.

அப்புறம் பெயர்களைப் பட்டியல்களில் தேட வேண்டும். ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஒருங்கிணைந்த பட்டியல், அமெரிக்கத் திறைசேரியில் தடைகளைக் கவனிக்கும் ஒஃபாக் பிரிவின் பட்டியல், ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல், பிரித்தானியப் பட்டியல் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவை வெளிநாட்டுச் சட்டம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் ஐ.நா. தடைகள் இலங்கையிலும் சட்டம்தான். அதன் கீழ் 2012இல் ஒழுங்குவிதிகள் வந்தன. மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு ஐ.நா. பட்டியல்களை வெளியிடுகிறது.

நம்மவர்கள் அதிகம் மறப்பது உள்நாட்டுப் பட்டியலைத்தான். இலங்கை அரசு வர்த்தமானி மூலம் தானே பெயர் குறிக்கும் பட்டியல் அது. புலம்பெயர் தமிழ் அமைப்புகள், தனிநபர்கள் பலரின் பெயர்கள் அதில் சேர்க்கப்பட்டும் நீக்கப்பட்டும் வந்திருக்கின்றன. நம்முடைய முதல் வாங்குநர் பெரும்பாலும் டொரொன்டோவிலோ லண்டனிலோ தமிழ்க் கடை வைத்திருக்கும் ஒருவர்தான். பட்டியலைப் பற்றி உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும், அதில் உள்ள பெயரில் இருந்து காசு வந்தால் முடங்குவது உங்கள் கணக்கு. அதனால் தெரிந்த ஆள், சொந்தக்காரர் என்றாலும் பார்த்துவிடுங்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். இது மலையகத்தில் பிறந்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் அப்பாவின் பெயர் தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. சேமலாப நிதி எடுக்கப் போனபோது மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. அரபு, பாரசீக, ரஷ்யப் பெயர்கள் ஆங்கில எழுத்துக்கு வரும்போதும் இதே கதைதான். முஹம்மத் என்ற ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒஃபாக் தேடல் பக்கத்தில் பெயர் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்த வேண்டும் என்று நகர்த்தி வைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அது 100இல் நிற்கும். அப்படியே விட்டால் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால்தான் பெயர் வரும். 85 அளவுக்குக் குறைத்து வையுங்கள். நிறையப் பெயர் வரும். பிறந்த திகதி, நாடு, கடவுச்சீட்டு இலக்கம் பார்த்து ஒவ்வொன்றாகக் கழியுங்கள். கழித்ததற்கான காரணத்தைப் பக்கத்தில் எழுதி, அந்தத் திரையைத் திகதியோடு பிரின்ட் எடுத்து வையுங்கள். பின்னால் இந்தத் தாள்தான் உங்களுக்குச் சாட்சி.

பட்டியலில் பெயர் இல்லை என்பதோடு முடியவில்லை. அமெரிக்க விதிப்படி, பட்டியலில் உள்ளவர்கள் 50 வீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கொம்பனியும் தடைக்கு உள்ளேதான், அதன் பெயர் எங்கும் இல்லாவிட்டாலும். பங்குகளைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். பட்டியலில் உள்ள ஒருவரிடம் 30, இன்னொருவரிடம் 25 என்றால் கூட்டி 55. அந்தக் கொம்பனியோடு வியாபாரம் கிடையாது. பங்குதாரர் வீதத்தை முன்பே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

நான்காவது படி: எந்த நாடு

நம் தேயிலையை விரும்பிக் குடிக்கிற நாடுகளைப் பாருங்கள்: ஈராக், ஈரான், ரஷ்யா, சிரியா, லிபியா. உலகத் தடைகளின் வரலாறும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். 1990 ஓகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் புகுந்தபோது பாதுகாப்புச் சபை ஈராக் மீது தடை போட்டது. அப்போதிருந்து, எங்கோ ஒரு மேசையில் போடுகிற கையெழுத்து தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தின் கணக்கிலும் வந்து விழுந்துகொண்டிருக்கிறது.

ஈரானை எடுத்துக்கொள்வோம். தேயிலை உணவுப் பொருள். அமெரிக்கத் தடைகளில் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு இருக்கிறது. அப்படியென்றால் பிரச்சினை எங்கே? காசு வருகிற வழியில். 2018இல் அமெரிக்கா அணு ஒப்பந்தத்திலிருந்து விலகி, நீக்கிய தடைகளைத் திரும்பப் போட்டது. ஈரானிய பேங்குகள் பல பட்டியலுக்குள் வந்தன. விலக்கு காகிதத்தில் இருந்தாலும், ஈரான் என்ற சொல்லைப் பார்த்தாலே ஒதுங்கும் பேங்குகள்தான் அதிகம். இலங்கை 2012இல் வாங்கிய எண்ணெய்க்கு ஈரானுக்குச் சுமார் 25 கோடி டொலர் கடன் இருந்ததும், 2021 டிசம்பரில் அதைத் தேயிலையாகக் கொடுப்பதற்கு ஒப்பந்தம் போட்டதும் பலருக்கு நினைவிருக்கும். மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலை என்று பேச்சு. 2023இல் அனுப்பத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாட்டின் சாரம் என்னவென்றால், அங்கே இறக்குமதியாளர் தன் நாட்டுக் காசில் கட்டுவார், இங்கே ஏற்றுமதியாளருக்கு ரூபாயில் கிடைக்கும். டொலர் எல்லை தாண்டவே வேண்டியதில்லை. இரண்டு அரசுகளே காசை இப்படிச் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், ஒரு தனி ஆள் "துபாய் பார்ட்னர் மூலமா கட்டிடுறேன்" என்று சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம், நீங்களே யோசியுங்கள். 2025 செப்டெம்பர் கடைசியில் ஐ.நா. தடைகளும் ஈரான் மீது திரும்ப வந்தன. ஆகவே ஈரான் வாங்குநர் வந்தால் தனியாகப் போகாதீர்கள். தேயிலைச் சபையிடமும் உங்கள் பேங்கிடமும் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

ரஷ்யாவில் கதை கொஞ்சம் வேறு. தேயிலைக்குத் தடை இல்லை, பேங்குகளுக்குத்தான் தடை. 2022 மார்ச்சில் ஏழு ரஷ்ய பேங்குகளை ஐரோப்பிய ஒன்றியம் பேங்குகள் காசு பற்றிய செய்தியை அனுப்பிக்கொள்ளும் சுவிஃப்ட் வலையமைப்பிலிருந்து நீக்கியது. ஜூனில் ஸ்பெர்பேங்கும் போனது. வாங்குநர் நல்லவர், கொம்பனி சுத்தம், ஆனால் அவர் கணக்கு வைத்திருக்கும் பேங்க் பட்டியலில் என்றால் காசு வராது. ரஷ்ய வாங்குநரிடம் கேட்க வேண்டிய முதல் பெயர் அவருடைய பேங்கின் பெயர்.

சிரியா எதிர்ப்பக்கம் திரும்பிய நாடு. 2025 மேயில் ஐரோப்பிய ஒன்றியம் பொருளாதாரத் தடைகளை நீக்கியது, ஜூன் 30இல் அமெரிக்காவும் தன் தடைத் திட்டத்தை முடித்தது. ஆனாலும் தனிநபர்கள் சிலரின் பெயர்கள் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. நாடு திறந்தாலும் மூன்றாவது படியை விடக்கூடாது.

சுங்கவரியைத் தடையோடு போட்டுக் குழப்பாதீர்கள். அமெரிக்கா 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதம் என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதமாக்கி, நவம்பரில் தேயிலையை அந்தக் கூடுதல் வரியிலிருந்து விலக்கியது. அது விலைப் பிரச்சினை. தடை என்பது சட்டப் பிரச்சினை.

ஐந்தாவது படி: பேங்க் மேனேஜரை முன்கூட்டியே பாருங்கள்

அமெரிக்கச் சட்டம் ஹட்டன் வரை எப்படி வருகிறது? துபாயிலிருந்து கொழும்புக்கு வருகிற டொலர், பெரும்பாலும் நியூயோர்க்கில் ஒரு பேங்கின் கணக்கைத் தொட்டுத்தான் வரும். அந்த நொடியில் அமெரிக்கச் சட்டம் அதன்மேல் பாய்கிறது. யூரோவில் வாங்கினால் ஐரோப்பியச் சட்டம். வேறு நாட்டுக் காசில் வாங்கினால் தப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். தடையைச் சுற்றிப் போக வழி தேடுவதே தனிக் குற்றம்.

ஒப்பந்தம் போடுவதற்கு முன், மூன்றாவது படியில் சேர்த்த தாள்களோடு உங்கள் பேங்கின் வர்த்தகப் பிரிவுக்குப் போங்கள். ஹட்டன் கிளையில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் கொழும்புத் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். கேட்கவேண்டியது மூன்று விஷயம்: இந்த நாட்டிலிருந்து, இந்த பேங்கிலிருந்து வரும் காசை ஏற்பீர்களா, இடையில் எந்த பேங்க், என்ன ஆவணம் வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி அனுப்பியவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள்.

முதல் வியாபாரத்துக்கு எல்.சி. (தாள்கள் சரியாக இருந்தால் காசு கட்டுவோம் என்று வாங்குநரின் பேங்க் தரும் உறுதிக் கடிதம்) அல்லது முழு முற்பணம் கேளுங்கள். எல்.சி. வந்தால் அதில் தடை பற்றிய வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். சில பேங்குகள், தங்கள் உள் கொள்கைக்கு ஒத்துவராவிட்டால் கட்டமாட்டோம் என்று எழுதி வைத்திருக்கும். அந்த வரி இருந்தால் எல்.சி.யின் உறுதி பாதி போய்விடும். எடுக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் உங்கள் பேங்கிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

காசு வரும் திகதிக்கும் விதி உண்டு. மத்திய வங்கி விதிப்படி, அனுப்பிய நாளிலிருந்து 180 நாளுக்குள் ஏற்றுமதிக் காசு நாட்டுக்குள் வர வேண்டும். தடையால் முடங்கினாலும் அந்த நாள்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரூபாயாக மாற்றும் விதி அடிக்கடி மாறுகிறது, ஒவ்வொரு முறையும் பேங்கில் கேளுங்கள்.

ஆறாவது படி: தேயிலையின் சுத்தம்

2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்தது. தானியத்தைத் தின்கிற பூச்சி அது. 18ஆம் திகதி முதல் இலங்கைத் தேயிலை முழுவதையும் ரஷ்யா நிறுத்தியது. பேச்சுவார்த்தை நடத்தி மாதக் கடைசியில் நீக்கினார்கள். ஒரு பொதியால் ஒரு நாட்டுத் தேயிலையே நின்றது. தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்கும் நாடு என்றால் தேசிய தாவரத் தொற்றுத்தடைகாப்புச் சேவையிடம் முன்கூட்டியே நாள் வாங்குங்கள்.

பீடைநாசினி எச்சத்துக்கு ஜப்பானும் ஐரோப்பாவும் கடுமை. தனியாக எல்லை குறிக்காத மருந்துக்கு இரண்டு இடத்திலும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். 2015இல் இங்கே கிளைஃபோசேட்டை நிறுத்தியதும் தோட்டங்களில் வேறு களைநாசினி அடித்தார்கள். அதன் எச்சம் ஜப்பானில் பிடிபட்டது. உங்களுக்குத் தேயிலை தரும் பெக்டரி என்ன அடிக்கிறது என்று அங்கே தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரிடம் கேளுங்கள். விறகுப் புகை தேயிலையில் இறங்கினால் வரும் அந்த்ராகுயினோன் என்ற இரசாயனத்துக்கும் ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்ற எல்லை உண்டு.

ஏழாவது படி: தாள்கள் ஒன்றுக்கொன்று பேச வேண்டும்

இன்வொய்ஸ், பொதிப் பட்டியல், கப்பல் பில், எந்த நாட்டுப் பொருள் என்று காட்டும் மூலச் சான்றிதழ், சுங்கத்துக்குக் கொடுக்கும் கஸ்டெக் என்ற அறிவிப்புப் படிவம். ஐந்திலும் வாங்குநர் பெயரும் முகவரியும் ஒரு புள்ளிகூட மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். பேங்கில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் தேயிலையைப் பார்ப்பதில்லை, தாள்களைத்தான் பார்க்கிறார். ஒன்றில் துபாய், இன்னொன்றில் ஈரானியத் துறைமுகமான பந்தர் அப்பாஸ் என்றிருந்தால் அவர் நிறுத்தத்தான் செய்வார்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று: வாங்குநரோ அவருடைய பங்குதாரரோ பேங்கோ எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை, பின்னால் வந்தால் உடனே அறிவிப்பார். இரண்டு: ஒப்பந்தத்தில் உள்ள பெயரைத் தவிர வேறு யாரிடமிருந்தும் காசு ஏற்கப்படாது. இந்த இரண்டாவது வரி எங்கள் ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் அந்தப் பதினொரு வாரம் வந்திருக்காது.

எல்லாத் தாளையும் பத்து வருடம் வையுங்கள். தடைமீறல் மீது வழக்குப் போடும் காலத்தை அமெரிக்கா 2024இல் 5 வருடத்திலிருந்து 10 வருடமாக்கிவிட்டது. நுவரெலியா, ஹட்டன் ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும், ஸ்கேன் எடுத்தும் வையுங்கள்.

காசு நின்றுவிட்டால்

முதலில், நின்றதா, முடக்கப்பட்டதா, திருப்பி அனுப்பப்பட்டதா என்று பேங்கிடம் தெளிவாகக் கேளுங்கள். கேள்விக்காக நிறுத்தியது என்றால் தாள் காட்டி விடுவிக்கலாம். திருப்பி அனுப்பினால் வாங்குநரிடம் வேறு பேங்க் வழி கேட்கலாம், அந்த பேங்கையும் முன்போலவே பார்த்த பிறகு. பட்டியலில் உள்ளவர் சொத்து என்று முடக்கிவிட்டார்கள் என்றால், அந்த நாட்டு அதிகார அமைப்பிடம் அனுமதி கேட்க வேண்டும். அமெரிக்கா என்றால் ஒஃபாக். அதற்கு வழக்கறிஞர் வேண்டும், மாதக்கணக்கில் போகும்.

கேள்விக்கு எழுதும் பதில் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பொருள் கறுப்புத் தேயிலை, குறியீடு இது, கிலோ இவ்வளவு, உணவுப் பொருள். வாங்குநர் இவர், பங்குதாரர்கள் இவர்கள், இந்தத் திகதியில் இந்தப் பட்டியல்களில் பார்த்தோம், பிரின்ட் இணைப்பு. இறங்கும் துறைமுகம் இது, குடிக்கப்போகும் நாடு இது. தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். ஒரு பொய் இருந்தால் அடுத்த முறை உங்கள் பெயரே அவர்களுடைய கணினியில் சிவப்பாக வரும்.

டிக்கோயாத் தம்பி அந்தத் துபாய் ஆளிடம் பங்குதாரர் பட்டியல் கேட்டார். ஒரு வாரம் பதில் இல்லை. எட்டாவது நாள் பதிவுச் சான்றிதழ், மூன்று கடவுச்சீட்டுப் பிரதி, பேங்க் கடிதம் எல்லாம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து மூன்று பெயரையும் ஒன்பது எழுத்துக்கூட்டலில் தேடினோம். ஒன்றும் பொருந்தவில்லை. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவர் பேங்க் வாசலில் நின்றிருந்தார், ஃபைலை மழைக்கு நனையாமல் உரப்பையில் சுற்றிக்கொண்டு.